சராசரிக்குக் குறைவான மழை

பிக்கட்டி
2.10.2001

அன்புள்ள தம்பி தரணிக்கு,

அக்கா வேலாமணி எழுதுவது. இரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம்.

நீ வேலை பார்க்கிற நிலையத்திலிருந்து அனுப்புகிற வானிலைக் கார்டு மாதம் இரண்டு தடவை தவறாமல் வருகிறது. இந்தப் பக்கத்தில் நாற்பது விவசாயிகளுக்கு வருகிற மாதிரி எங்களுக்கும் வருகிறது. கீழே சின்ன எழுத்தில் உன் பெயர். தபால்காரர், "உங்க தம்பி கார்டுங்க" என்று சொல்லிக் கொடுப்பார். நானும் ஏதோ நீ எனக்கே எழுதியதுபோல வாங்கி வைத்துக்கொள்வேன்.

இங்கே தேயிலை நிலவரம் உனக்குத் தெரிந்திருக்கும். பச்சை இலை கிலோ நாலு ரூபாய். அதையும் ஃபேக்டரிக்காரர்கள் வாரத்தில் மூன்று நாள்தான் எடுக்கிறார்கள். மற்ற நாளில் பறித்தது சாக்கிலேயே சூடேறிச் சிவந்துபோகிறது. போன வெள்ளிக்கிழமை ஆறு சாக்கு இலையை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார் உன் மச்சான். மறுநாள் காலையில்தான் சொன்னார், ரோட்டுக்குக் கீழே இருக்கிற ஒன்றரை ஏக்கர் தேயிலையையும் பிடுங்கிவிட்டுக் கேரட் போடப்போகிறாராம்.

ஐப்பசி கார்த்திகையில் மழை குறைவு என்றால் இப்போதே பிடுங்கலாம், மழை பலமாக இருக்கும் என்றால் தை வரை பொறுக்கலாம் என்கிறார். உன்னைக் கேட்டு எழுதச் சொன்னதும் அவர்தான். "உன்ற தம்பிக்குத் தெரியாததா, ஒரு கடுதாசி போட்டுக் கேளு" என்றார். அவர் வாயிலிருந்து உன் பேச்சு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று உனக்கே தெரியும். அதனால்தான் உடனே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா திதியன்று நடந்ததை இதில் இழுக்க வேண்டாம். மழையைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா

*

கோயம்புத்தூர்
7.10.2001

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நவம்பர் கடைசியில் தாழ்வான இடங்களில் உறைபனி தொடங்கலாம். அடுத்த கார்டில் அச்சாகப்போவதும் இதுதான். ஆனால் இது மாவட்டம் முழுமைக்கும், மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்வது. ஒரு குறிப்பிட்ட சரிவில் ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன நடக்கும் என்று இப்போதே எவராலும் சொல்ல முடியாது. தேயிலையைப் பிடுங்குவதா வேண்டாமா என்பது மச்சான் முடிவு செய்ய வேண்டியது.

மழையைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். இனி என் பேச்சு.

அம்மா திதிக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். தபித்தாள் நர்ஸ் வேலையில் இரவு முழுதும் கண்விழித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்தாள். கூடத்தில் எல்லோருக்கும் வரிசையாக இலை போட்டிருந்தது. அவளுக்கு மட்டும் பின்கட்டில், விறகு அடுக்கியிருக்கிற இடத்தில். மச்சான் அப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்ததற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

தரணிதரன்

*

பிக்கட்டி
14.10.2001

தரணி,

நீங்கள், உங்கள், மதிப்பிற்குரிய. நான் எடுத்து வளர்த்த பிள்ளை எனக்கு மனு எழுதுவதுபோல எழுதியிருக்கிறது. சரி, இருக்கட்டும்.

உன் மச்சான் உன் கடிதத்தில் 'குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற வரி வரைக்கும்தான் படித்தார். அதற்குப் பிறகு நீ எழுதியதை நான் படித்துக் காட்டினேன், காதில் ஏறவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி டீக்கடைக்குப் போனார். அங்கே நாலு பேரிடம் காட்டியிருக்கிறார். மூன்றாம் நாளே ஆள் இறக்கிவிட்டார். முதலில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்கள் போயின. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. இன்றைக்குச் செடிகளில் கை வைத்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கடப்பாரையும் கயிறுமாக இறங்கியிருக்கிறார்கள். வேர் லேசில் வருவதில்லை. ஒரு செடிக்கு இரண்டு ஆள் தொங்க வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்லட்டுமா? மழை பலமாக வரும் என்று நீ எழுதுவாய் என்றுதான் நினைத்தேன். அதை வைத்துத் தை வரை தள்ளிப்போடலாம், அதற்குள் விலை ஏறினாலும் ஏறும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். என்னால் அவரிடம் நேராக வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. உன் வாயால் சொல்லவைக்கப் பார்த்தேன். நீ உண்மையை எழுதிவிட்டாய்.

இரண்டு நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ரோட்டோரம் போய் நின்று கீழே பார்க்கிறேன். திரும்பி வந்தால் பால் பொங்கிக் கிடக்கிறது.

திதி விஷயத்தை இழுக்காதே என்று சொல்லியும் இழுத்திருக்கிறாய். அதற்கு இப்போது பதில் இல்லை.

வேலாமணி

*

கோயம்புத்தூர்
18.10.2001

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். மூன்று மாத மழை மொத்தமாகக் குறைவு என்றால், எந்த ஒரு நாளும் கனமழை பெய்யாது என்று அர்த்தமில்லை. எண்பது நாள் காய்ந்துவிட்டு இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தாலும் எங்கள் கணக்கில் அது குறைவான மழைதான். இதை முதல் கடிதத்திலேயே இப்படிப் பச்சையாக எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் இருந்தேன். அலுவலக மொழியில் எழுதிவிட்டுச் சண்டைக்குப் போய்விட்டேன்.

மச்சானிடம் இதையாவது சொல்லிப் பார். ஐந்து வரிசைக்கு ஒரு வரிசை தேயிலையை வேரோடு விட்டுவைக்கட்டும். சரிவுக்குக் குறுக்கே இருக்கிற பழைய வாய்க்கால்களை மூட வேண்டாம். பாத்தியை மேலிருந்து கீழாகப் போடாமல் குறுக்காகப் போடட்டும். அந்தச் சரிவு எனக்கு நினைவிருக்கிறது, கீழே இறங்க வேண்டுமென்றால் செடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவோம்.

அடியில் ஓடைப் பக்கம் முன்பு யாரும் இல்லை. இப்போது யாராவது குடியிருக்கிறார்களா?

தரணி

*

பிக்கட்டி
1.11.2001

அன்புள்ள தரணிக்கு,

உன் கடிதம் வந்தபோது பாதிச் சரிவு வெறுந்தரையாகிவிட்டது. சொன்னேன். "வரிசைக்கு வரிசை செடிய உட்டா நெழலடிக்கும், கேரட் எறங்காது" என்றார். குறுக்குப் பாத்தியில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடுமாம். எல்லோரும் மேலிருந்து கீழாகத்தான் போடுகிறார்களாம். வாய்க்கால்களை மூடியாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை விதை தூவினார்கள். மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். ஒரு வருடத்தில் நான் பார்க்காத சந்தோஷம். அதைக் கெடுக்கவும் மனசு வரவில்லை.

கீழே யார் என்று கேட்டாய். ஓடைப் புறம்போக்கில் மூன்று வீடு இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். எஸ்டேட்டில் வேலை நின்றுபோய் வந்து குடிசை போட்டு, இப்போது தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். மொத்தம் பதினோரு பேர். நடு வீடு கருப்பம்மாவுடையது. அவள் புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். இவளும் இரண்டு பெண் பிள்ளைகளும், மாமனார் வீரையாவும் இருக்கிறார்கள். வீரையாவுக்கு நடை சுத்தமாக விட்டுப்போயிற்று. நம் தேயிலையைப் பத்து வருடமாகப் பறித்தவள் கருப்பம்மாதான். பிடுங்குகிற வேலைக்கும் அவளைத்தான் கூப்பிட்டோம். தன் தலைக்கு மேலே இருக்கிற செடியைத் தானே கயிறு போட்டு இழுத்தாள். சாயங்காலம் கூலியை எண்ணிக் கொடுத்தது நான்தான்.

எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் ஆகாது. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

வெயில் நன்றாக அடிக்கிறது. நீ எழுதியபடியே மழையைக் காணோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் உன்னைப் புகழ்கிறார்கள்.

அக்கா

*

கோயம்புத்தூர்
5.11.2001, காலை

அக்கா,

மஞ்சூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன், வெள்ளியங்கிரி கடையில் கொடுத்துவிடுவார். கடைக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை.

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையைக் கடந்து மலைப் பக்கம் வந்தால், ஏழு எட்டாம் தேதிகளில் உங்கள் குந்தா பகுதியில் மிகக் கனமான மழை பெய்யும். இது கார்டில் வரவில்லை. நானாக எழுதுகிறேன். அந்தப் பதினோரு பேரையும் உடனே பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடு. மச்சானிடம் சண்டை போட்டாவது மாற்று.

தரணி

*

பிக்கட்டி
12.11.2001

தரணி,

மழை வரவில்லை. ஒரு சொட்டுக்கூட விழவில்லை. உன் தாழ்வு எங்கே போயிற்று? ஆந்திராவுக்குப் போய்விட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள்.

நடந்ததைக் கேள். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வாழ்க்கையிலே முதல் தடவையாக உன் மச்சானை எதிர்த்துப் பேசினேன். அவரும் கடைசியில் அரைமனதாக ஒப்புக்கொண்டு, ஹெட்மாஸ்டரைப் பார்த்து இரண்டு வகுப்பறையைத் திறக்க வைத்தார். ஆறாம் தேதி பதினோரு பேரும் பாய், பாத்திரம், கோழி எல்லாம் எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். வீரையாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். நான்கு நாள் வேலைக்கும் போகாமல் அங்கேயே கிடந்தார்கள். நான்கு நாளும் பளீரென்று வெயில். சாயங்காலம் ஆனால் ஊர்க்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் உன் மச்சானைப் பார்த்து, "மழைக்காரரு வாராரு, குடைய விரிங்கப்பா" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

அதோடு போகவில்லை. ஆடு இரண்டையும் மேலே கொண்டுவர இடமில்லை என்று கருப்பம்மா வீட்டுக்குப் பின்னாலே கட்டிவிட்டு வந்திருந்தாள். ஆள் இல்லாத வீடென்று சிறுத்தை இறங்கிவிட்டது. ஒன்பதாம் தேதி போய்ப் பார்த்தால் கயிறு மட்டும் இருந்தது. தீபாவளிக்கு விற்று, பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவென்று வளர்த்த ஆடுகள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லம்மா, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள். அதைக் கேட்டுவிட்டு நான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

குறைவு என்கிறாய், அப்புறம் கொட்டும் என்கிறாய், அப்புறம் ஒன்றுமில்லை. எதைத்தான் நம்புவது? இனிமேல் தயவு செய்து கண்டக்டர் கையில் எதையும் கொடுத்தனுப்பாதே.

வேலாமணி

*

கோயம்புத்தூர்
16.11.2001

அக்கா,

தீபாவளிக்கு மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. நான்கு தடவை படித்தேன். நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. தாழ்வு வடக்கே திரும்பிவிட்டது. அப்படித் திரும்பவும் வாய்ப்பு இருந்தது எனக்குத் தெரியும். அதை உன்னிடம் சொன்னால் நீ அசையமாட்டாய் என்று பயந்து எழுதாமல் விட்டேன்.

எப்படியோ விஷயம் நிலையத்துக்கும் எட்டிவிட்டது. அதிகாரி கூப்பிட்டு, தனி ஆளாக எச்சரிக்கை கொடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். எழுத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறேன். இனி தனிப்பட்ட முறையில் வானிலை எதுவும் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கருப்பம்மாவின் ஆடுகளுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். அவள் வாங்கிக்கொள்வாளா என்று கேட்டு எழுது.

தரணி

*

கோயம்புத்தூர்
20.11.2001

அக்கா,

நான்கு நாளைக்கு முன்புதான் இனி சொல்லமாட்டேன் என்று எழுதினேன். நீயும் கொடுத்தனுப்பாதே என்றாய். காலையிலிருந்து இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மறுபடியும் ஒரு தாழ்வு. இந்தத் தடவை எதையும் மறைக்கப் போவதில்லை. நாளை மறுநாளுக்குள் மலைக்கு வர ஐந்தில் இரண்டு பங்குதான் வாய்ப்பு. வராமல் போக ஐந்தில் மூன்று. வந்தால், ஒரு மாதத்தில் பெய்வது ஒரே நாளில் பெய்யும். நிலையத்திலிருந்து போகிற அறிக்கையில் 'பரவலாக மிதமான மழை' என்றுதான் இருக்கும். அதை எழுதியவனும் நான்தான்.

தபித்தாளிடம் கேட்டேன். இன்னொரு தடவை பொய்யாகப் போனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்றேன். வார்டில் ராத்திரி முழுதும் மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும், பத்தில் ஒன்பது தடவை ஒன்றுமே இருக்காது, அதற்காகப் பத்தாவது மணிக்கு எழுந்து போகாமல் இருக்கிறோமா என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேலே என்ன செய்வது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

தரணி

*

பிக்கட்டி பள்ளிக்கூடம்
25.11.2001

அன்புள்ள தம்பிக்கு,

குன்னூர் ரோட்டில் ஏழு இடத்தில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. இந்தக் கடிதம் எப்போது சேருமோ தெரியாது. மின்வாரிய ஜீப் ஒன்று நாளைக்கு இறங்குகிறதாம், அதில் கொடுத்துவிடுகிறேன். நீ பேப்பரில் எதையாவது படித்துவிட்டுத் துடித்துக்கொண்டிருப்பாய். முதலில் இதைத் தெரிந்துகொள். பதினோரு பேரும் இருக்கிறார்கள். வீடுகள் மூன்றும் போய்விட்டன.

இருபத்தோராம் தேதி காலையில் கண்டக்டர் கையில் உன் கடிதம் வந்தது. தூறிக்கொண்டிருந்தது. உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். ஐந்தில் இரண்டு என்று வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "ஒருக்கா மானம் போனது போதும். இன்னொருக்கா நீ அங்க போயி நிக்கக்கூடாது" என்றார். கத்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

அவர் உரம் வாங்க மஞ்சூர் போனதும் குடையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கருப்பம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "அம்மா, ஆடு போனதோட போகட்டும்மா. இனிக் கொண்டுபோக எங்ககிட்ட ஒண்ணுமில்ல" என்றாள். வீரையா கட்டிலில் படுத்தபடியே, கண்டித் தோட்டத்திலே பார்க்காத மழையா, லயத்து வீட்டுக்குள்ளே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறோம் என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, தரணி. கட்டாயம் வரும் என்று பொய் சொல்லியிருக்கலாம். போன தடவை அப்படிச் சொல்லித்தான் கெட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க வராட்டி நானும் இங்கயே இருக்கறேன்" என்றேன்.

கருப்பம்மா சிரித்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் போனதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "மேல போங்கம்மா, ஐயா பாத்தா எங்களத்தான் ஏசுவாரு" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்று பார்த்தார்கள். மழை வலுத்துக்கொண்டே வந்தது. மத்தியானம் தகரக் கூரைச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. நான் வீம்புக்கு உட்கார்ந்திருக்கிறேனா, பயத்தில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த வீட்டின் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மூன்று வாரமாக அந்தச் சுவருக்கு அடியில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறார்கள். நான் அரைநாளுக்கே நடுங்கினேன்.

மூன்று மணி இருக்கும், உன் மச்சான் இறங்கி வந்தார். முழுதும் நனைந்திருந்தார்.

"எந்திரி. ஊட்டுக்குப் போலாம்."

"இவங்க வந்தா வாரேனுங்க."

"ஊரு சிரிக்கறது பத்தாதா?"

"சிரிக்கட்டுமுங்க. நாம செடி புடுங்குன மண்ணு இவங்க தலைமேல நிக்குது. நீங்க போங்க, நா வர்லீங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு நான் இப்படிப் பதில் சொன்னதில்லை. அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கருப்பம்மாவின் சின்னவள் உள்ளேயிருந்து, அடுப்புக்குள் தண்ணீர் வருகிறது என்று கத்தினாள். பின்சுவருக்கு அடியில் மண் கலங்கிய தண்ணீர் ஊறி, அடுப்பைச் சுற்றி நிறைந்துகொண்டிருந்தது. உன் மச்சான் உள்ளே போய்க் குனிந்து அதில் கையை விட்டார். கையை எடுத்தபோது உள்ளங்கையில் சேற்றோடு ஐந்தாறு கேரட் நாற்று. விரல் நீளம்கூட இல்லை. மேலே இருக்க வேண்டிய நாற்று சுவருக்குள்ளே எப்படி வந்தது என்று அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது. விவசாயி அல்லவா.

நின்றபடி அதையே பார்த்தார். பிறகு கட்டிலுக்குப் போனார். "வீரையா, எந்திரிங்க. முதுகுல ஏறுங்க" என்றார். கிழவர் ஏதோ சொல்லவந்தார். இவர் கேட்கவில்லை. தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, பாத்திரம் பண்டம் எதையும் எடுக்க வேண்டாம், ஓடுங்கள் என்று மூன்று வீட்டு வாசலிலும் நின்று அலறினார். ஓடை ஓரமாகச் சுற்றி, பாலம் ஏறி, ரோட்டுக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. வீரையாவை அவர் வழியில் ஒரு இடத்திலும் இறக்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் அது இறங்கியது. கல் லாரி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. பாத்தி பாத்தியாக அப்படியே நகர்ந்து போயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு வீட்டுத் தகரம் ஒரு தடவை மேலே தெரிந்தது, அவ்வளவுதான். கருப்பம்மா அழவில்லை. பிள்ளைகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

வீரையாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூச்சு இழுக்கிறது. டாக்டர் வர வழியில்லை. நேற்று அவருக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "தபித்தாள் இருந்தா பாத்துக்குவா" என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். உன் மச்சான் திரும்பிப் பார்த்தார்.

அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அவளுக்குப் பின்கட்டில் இலை போட்டது உன் மச்சான் இல்லை. அப்போது அவருக்கு அது தெரியவே தெரியாது. சொந்தக்காரர்கள் ஏதாவது பேசுவார்கள் என்று நானே எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டேன். நீ அவரைத் திட்டிவிட்டுப் போனாய். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. இரண்டு வருடம் அவரும் அதைத் தாங்கிக்கொண்டு, அது என் வேலை என்று பிறகு தெரிந்தும் உன்னிடம் சொல்லாமல் இருந்தார்.

அக்கா

*

கோயம்புத்தூர்
29.11.2001

அக்கா,

இன்றைக்குத்தான் கடிதம் வந்தது. தபித்தாளிடம் முழுதும் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அவள், "எனக்கு அன்னைக்கே தெரியும். அக்காதான் இலை போட்டாங்க, என் முகத்தையே பாக்கல" என்றாள். இரண்டு வருடம் என்னிடம் அவளும் சொல்லவில்லை. ஏன் என்றதற்கு, உங்களுக்கு ஒரு அக்காதானே இருக்காங்க என்றாள். நான் மச்சானுக்குத் தனியாக எழுத வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வீரையாவைப் படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைக்கச் சொல்கிறாள். வெந்நீர் ஆவி பிடிக்கட்டும். மருந்து எடுத்துக்கொண்டு, ரோடு திறந்த அன்றைக்கே இரண்டு பேரும் வருகிறோம்.

நிலையத்தில் நேற்று ஒரு கூட்டம். அன்று வரைக்குமான மழைக் கணக்கைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு நாள் கொட்டியதையும் சேர்த்து, நீலகிரியில் சராசரியைவிடப் பதினெட்டு சதவீதம் குறைவு. 'முன்னறிவிப்பு சரியாகப் பொருந்தியது' என்று என் பெயருக்கு எதிரே எழுதி, கைகூடத் தட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். டிசம்பர்க் கார்டுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பதில், குறைவு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, சரிவின் கீழே வீடு இருப்பவர்கள் இதை நம்பி இருந்துவிட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அச்சடிப்பார்களா தெரியாது. எடுத்துவிட்டால் நாற்பது கார்டிலும் கையால் எழுதி அனுப்புவேன்.

தரணி

*

பிக்கட்டி
11.12.2001

அன்புள்ள தரணிக்கும் தபித்தாளுக்கும்,

நீங்கள் இரண்டு பேரும் வந்து போய் ஒரு வாரமாகிறது. நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வீரையா போய்ச் சேர்ந்துவிட்டது தபித்தாளுக்கு மனக்குறையாகவே இருந்தது. அவள் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது என்று இப்போது டாக்டரும் சொல்கிறார். நனைந்ததில் வந்த சளிதான். அந்த அரைமணி நேர மழைதான். கருப்பம்மாவின் புருஷன் வந்து கொள்ளி வைத்தான். பாடை தூக்கியதில் முன்னால் ஒரு பக்கம் உன் மச்சான். பங்காளிகள் தூக்கவேண்டியது என்று யாரோ சொல்லப்போக, அவர் தோளை எடுக்கவே இல்லை.

நீங்கள் இருந்தபோது சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அப்போது முடிவாகவில்லை.

காரியம் முடிந்த அன்றைக்குக் கருப்பம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். வந்தால் எப்போதும் களத்திலே நிற்பாள். அன்றைக்குப் படியேறி வந்து நின்றாள். சாபம் கொடுக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் உன் மச்சானைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "இனி நாங்க எங்கங்க இருக்கிறது?"

அவர் அதற்குள் யோசித்து வைத்திருந்தார். ரோட்டுக்குக் கீழே கிழக்குப் பக்கம் சரியாத இடம் பத்து சென்ட் இருக்கிறது, சமதளம், தண்ணீர் வசதியும் உண்டு, மூன்று குடும்பத்துக்கும் எழுதித் தருகிறேன் என்றார். பெரிய மனசுதான். எனக்கே பெருமையாக இருந்தது.

கருப்பம்மா தலையை ஆட்டினாள். "கீழ வேணாமுங்க. மேல குடுங்க" என்றாள்.

மேலே என்றால் எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் இருக்கிற மேட்டு நிலம். அரை ஏக்கர். எங்களுக்கு மிச்சமிருக்கிற தேயிலை அவ்வளவுதான். அதைத்தான் கேட்கிறாளா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"அதுதாங்க. நாங்க மேல இருந்துக்கறோம். நீங்க கீழ இருங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் கேட்பதுபோலச் சொன்னாள்.

அவர் ஒரு வாரம் இதே யோசனையாக இருந்தார். மேட்டுக்குப் போவார், செடிகளுக்கு நடுவே நிற்பார், இறங்கி வருவார். நேற்றுக் காலையில் சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து கல் நட்டுவிட்டார். பத்திரம் அடுத்த வாரம். கருப்பம்மா பிள்ளைகளோடு வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வீடு எழும்புகிற இடத்தில் மட்டும்தான் செடி எடுப்பாளாம், மற்றது அப்படியே நிற்குமாம், இலையை அவளே பறித்துக்கொள்வாளாம். அப்புறம் விளிம்பில் வந்து நின்று எங்கள் ஓட்டுக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா" என்றாள்.

இன்றைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மண்வெட்டிச் சத்தம் காலையிலிருந்து தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டு வரி எழுதுவதற்குள் ஒரு தடவை வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

அக்கா